சீனியில் ஊறிய ஆரஞ்சுத் தோல் நம் ஊர்க் காற்றில் நிற்குமா?

மலேசியாவின் குளுவாங் ஊர் வாசகியின் கேள்வி
13 பிப்ரவரி 2024

சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டார் இரண்டு பெட்டி ஆரஞ்சு கொடுத்தார்கள். பழம் தீர்ந்தது, தோல் மிஞ்சியது. எறிய மனமில்லாமல் சீனிப் பாகில் போட்டுக் காய்ச்சி, சீனியில் புரட்டித் தட்டில் பரப்பிவைத்தேன். மறுநாள் காலை தட்டில் குளம் கட்டி நிற்கிறது. தோல் பாதி செருப்பு, பாதி கோந்து. இது குளிர் தேசத்துப் பண்டம், செம்பனைக் காட்டு ஈரத்தில் வாழ்கிற நமக்குக் கிட்டாது என்று முடிவுகட்டிவிட்டேன். மறுப்பவர் இருந்தால் மறுக்கலாம்.

13 பிப்ரவரி, இரவு

மறுக்கிறேன். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஈரத்தில் எங்கள் ஊர் குளுவாங்குக்கு இளைத்ததில்லை. சென்ற வருடம் இதே மாதம் செய்தேன், ஒரு பிஸ்கட் டின் நிறைய வந்தது, இரண்டு மாதம் கெடவில்லை. மூன்று விதி போதும். தோலை மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்துக் கசப்பை எடுங்கள். பாகை ஒரே நாளில் கெட்டியாக்காமல் நாளுக்கு நாள் ஏற்றுங்கள். பாகு மறுபடி சீனியாக உறைந்துவிடாமலிருக்க எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாகப் பிழியுங்கள். காற்றைக் குறை சொல்லாதீர்கள்.

14 பிப்ரவரி, காலை

நேற்று எழுதியதில் முதலில் சொல்லவேண்டியதை விட்டுவிட்டேன். உங்கள் தோல் செருப்பானதற்குக் காற்று காரணமில்லை. அது வேகவில்லை.

அம்மாவிடம் உங்கள் கேள்வியைப் படித்துக் காட்டினேன். எண்பத்து மூன்று வயது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் இருந்த காலத்தில் நார்த்தங்காயைச் சுருள் சுருளாக வெட்டி, உப்பை அடைத்து, தகரக் கூரைமேல் காயவைத்த கை. "தோலுக்குப் போய் இவ்வளவு சீனியா?" என்று முகத்தைச் சுளித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "சீனியில் போடுவதற்கு முன்னால் நகம் இறங்கியதா?"

சோதனை அதுதான். ஒரு துண்டை எடுத்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி விரலில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். வெந்த கிழங்கில் இறங்குவதுபோல நகம் இறங்கவேண்டும். வெள்ளைப் பகுதி சுண்ணாம்பு வெண்மை மாறிக் கண்ணாடிபோல மங்கலாகத் தெரியவேண்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் கால்மணி நேரம் அடுப்பில் இருக்கட்டும்.

ஏனென்றால் சீனி உள்ளே போய்விட்டால் தோல் அதற்குமேல் வேகாது. பாகு தோலின் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, தோலைக் கட்டிப்பிடித்திருக்கும் பெக்டின் கரையாமல் இறுகிவிடுகிறது. பருப்பு வேகுமுன் புளியை ஊற்றிவிட்டு, விறகைத் தள்ளித் தள்ளி எரித்த கதைதான். நீங்கள் பாகிலேயே வேகும் என்று நம்பியிருப்பீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் நம்பினேன்.

17 பிப்ரவரி

பாகுக் கணக்கு கேட்டவர்களுக்கு.

வெந்து வடித்த தோல் அரைக் கிலோ என்று வையுங்கள். அரைக் கிலோ சீனி, அரை லிட்டர் தண்ணீர், கொதித்ததும் தோலைப் போட்டு ஐந்து நிமிடம். அடுப்பை அணைத்து மூடி, மறுநாள் வரை தொடாதீர்கள். மறுநாள் தோலை வடித்து எடுத்துவிட்டுப் பாகில் மட்டும் 100 கிராம் சீனி சேர்த்துக் கொதிக்கவைத்து, சூடாகத் தோலின்மேல் ஊற்றுங்கள். இப்படி ஆறு ஏழு நாள். பாகில் சீனி பாதிக்குப் பாதி என்று தொடங்கி, கடைசியில் நூற்றுக்கு எழுபது பங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த நிலையில் இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். இந்த வருடம் கட்டுப்பாட்டு விலைச் சீனி கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 85 காசு, ஆக மூன்றரை வெள்ளிச் செலவு. காஸ் தனி.

ஏன் இந்த இழுபறி? முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால், தோலுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே ஓடிவரும் வேகத்துக்குச் சீனி உள்ளே போகாது. தோல் திராட்சை வற்றல்போலச் சுருங்கும். மெதுவாக ஏற்றினால் தண்ணீர் இருந்த இடத்தில் சீனி வந்து உட்கார்ந்துகொள்கிறது, துண்டு உப்பலாகவே நிற்கிறது.

நான் தோட்டத் தொழிற்சாலையில் ரப்பர் பால் சோதித்தவன். மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையைப் பாலில் விட்டு, ரப்பர் எவ்வளவு தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. வாளியில் தண்ணீர் கலந்து கொண்டுவருபவர்களை அதைக்கொண்டுதான் பிடிப்போம். பழைய மிதவை ஒன்று வீட்டில் கிடந்தது, பாகில் விட்டுப் பார்த்தேன். ரப்பர் பால் தண்ணீரைவிட இலேசு, பாகோ கனம். மிதவை பாகுக்குள் இறங்கவே மறுத்து, படிக்க அளவுக்கோடே இல்லாமல் தக்கைபோலப் படுத்துக்கொண்டது. மனைவி அதைக் கழுவி எடுத்து வைத்த விதத்தை எழுத விரும்பவில்லை.

ஆகவே வெப்பமானிதான் வழி. கடைசி நாள் பாகு 106 டிகிரியைத் தொட்டால் எழுபது பங்கு வந்துவிட்டது. வெப்பமானி இல்லாதவர்கள் ஒற்றைக் கம்பிப் பதத்தைப் பாருங்கள், அது இதன் பக்கத்து வீடு.

18 பிப்ரவரி

நேற்று 106 என்று எழுதியதை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். இணையக் கடை ஒன்றில் 19 வெள்ளிக்கு வாங்கிய என் வெப்பமானியை இன்று வெறும் கொதிதண்ணீரில் விட்டேன். 96 காட்டுகிறது. மலைமேல் வசித்தால் நியாயம், சுங்கை சிப்புட்டில் அது பொய். முதலில் உங்கள் கருவியைக் கொதிதண்ணீரில் விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஆறு டிகிரி என்பதே கணக்கு. என் கருவியில் 102.

25 பிப்ரவரி

நேற்று சாப் கோ மெய், சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள். சீனப் பெண்கள் தண்ணீரில் ஆரஞ்சு எறிகிற நாள். நான் எறிய வேண்டியது என் முதல் விதியை.

தைப்பிங்கிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "மூன்று தண்ணீர் மாற்றினேன். கசப்பு போயிற்று. ஆரஞ்சும் போயிற்று. சீனி போட்ட காகிதம் தின்கிற மாதிரி இருக்கிறது." உண்மை. நேற்று என் சட்டியிலும் அதே காகிதம். புத்தாண்டு ஆரஞ்சின் தோல் மெல்லியது, வெள்ளைப் பகுதி பெயருக்குத்தான் இருக்கிறது. வாசனை எண்ணெய் முழுவதும் மேல்தோலின் புள்ளிகளுக்குள் இருக்கிறது, கொதிக்கக் கொதிக்க ஆவியோடு வெளியேறிவிடும். வீடு மணக்கிறதே என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். வீட்டில் மணந்தது தோலில் இருக்காது அல்லவா?

ஆகவே மெல்லிய தோலுக்கு ஒரு கொதி. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நகம் இறங்கும்வரை சிறு தீயில். அதோடு நிறுத்துங்கள். கொஞ்சம் கசப்பு நின்றால் நிற்கட்டும். கசப்பே வேண்டாமென்றால் மிட்டாய்க் கடைக்குப் போகலாம்.

மெழுகைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். கப்பலில் வரும் பழங்களில் பெரும்பாலும் மினுக்கத்துக்கு மெழுகும் பூஞ்சைக்கு மருந்தும் இருக்கும். பழத்தை எறிந்து தோலைத் தின்னப்போகிறவர்கள் நாம். வெந்நீரில் போட்டு, உப்புத் தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். முதல் கொதித் தண்ணீரைக் கொட்டுவதற்கு அது இன்னொரு காரணம்.

2 மார்ச்

குளுவாங் தங்கை சிரிக்கலாம்.

காகிதமான சட்டியை ஒதுக்கிவிட்டு, ஒரே கொதி கொடுத்த இரண்டாம் சட்டியைப் புதன்கிழமை வடித்துச் சீனியில் புரட்டித் தட்டில் வைத்தேன். பாகு ஏற்ற மூன்று நாள்தான் கிடைத்தது, அவசரப்பட்டேன். வியாழன் காலை ஓரங்களில் பனித்துளி. வெள்ளி காலை குளம். கூடவே எறும்பு. லயத்து வீட்டில் சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்போம், அது ஞாபகம் வந்து நான்கு மங்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் தட்டை நிறுத்தினேன். எறும்புகள் சுவர்வழியாக வந்து, சன்னல் திரையில் ஏறி, திரை தட்டைத் தொடும் ஓர் ஓரத்தைக் கண்டுபிடித்துவிட்டன. வரிசையாக இறங்குவதைப் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். கங்காணி இல்லாமலே இவ்வளவு ஒழுங்கு.

சென்ற வருடம் வந்தது இந்த வருடம் ஏன் வரவில்லை? மூன்று நாளில் முடித்ததுதான் காரணமென்று இப்போதைக்கு நினைக்கிறேன். சரி, அடுத்ததை முழு எட்டு நாள் செய்கிறேன். கொல்லையில் லீமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை காய்த்துத் தொங்குகிறது.

9 மார்ச்

கஸ்தூரி நாலாம் நாள். காத்திருக்கும் நேரத்தில் ஒரு கிளைக்கதை.

இந்தப் பண்டத்துக்கு ஆங்கிலத்தில் கேண்டி என்று பெயர். அது அரபுக்காரர்களின் கந்தி, பாரசீகத்தின் கந்த், சமஸ்கிருதத்தின் கண்டம் என்று பின்னால் போகிறது. நம் கற்கண்டில் இருக்கும் கண்டும் அந்தக் குடும்பம்தான். ஆரஞ்சின் பெயரோ நாரங்கம், நாரத்தை என்று நம் பக்கமே வந்து நிற்கும். இரண்டு பெயரும் இந்தக் கரையிலிருந்து போயிருக்க, பிரான்சின் தெற்கில் ஆப்ட் என்ற சிற்றூர் பழத்தைச் சீனியில் ஊறவைத்தே பெயர் வாங்கியது. சோதிடத்தால் பெயர்பெற்ற நோஸ்ட்ராடாமஸ்கூட 1555இல் பழப்பாகு செய்முறைகளை அச்சிட்டார். நாம் நார்த்தங்காயில் உப்பை அடைத்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டிருந்தோம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "கஞ்சிக்கு மிட்டாயைத் தொட்டுக்கொள்ள முடியுமா?" என்றார்.

16 மார்ச்

நோன்பு மாதம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், பெருநாளுக்குப் பப்பாளி ஹல்வா போடுகிறார். மலாய்க்காரர்களின் ஹல்வா என்றால் நம் கோதுமை அல்வா அல்ல, பழத்தைப் பாகில் ஊறவைப்பது. பினாங்கின் ஜாதிக்காய் ஹல்வாவைத் தின்றவர்களுக்குத் தெரியும். வேலிக்கு இந்தப் பக்கம் நான் கஸ்தூரியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டார்.

அவர் முறை: சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்து, வெட்டிய காயை அதில் சில மணி நேரம் ஊறப்போட்டு, நன்றாக அலசிவிட்டுத்தான் பாகுக்குப் போகிறார். சுண்ணாம்பின் கால்சியம் பெக்டினைப் பிணைத்து இறுக்கிவிடும், பப்பாளி கூழாகாமல் கடிபடும். ஆக்ராவில் பூசணிக்காய் பேட்டாவுக்கும் சுண்ணாம்புத் தண்ணீர்தான்.

நான் உடனே ஆரஞ்சுத் தோலுக்கும் போட்டுப் பார்த்தேன், வேகவைப்பதற்கு முன்னால். மடத்தனம். தோலுக்கு நமக்கு வேண்டியது இளக்கம், சுண்ணாம்பு செய்வது இறுக்கம். ஒன்றரை மணி நேரம் கொதித்தும் நகம் இறங்கவில்லை. கூழாகிற காய்க்குச் சுண்ணாம்பு, முரட்டுத் தோலுக்கு வெந்நீர். இரண்டையும் குழப்பாதீர்கள்.

கஸ்தூரி: ஊசியால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்தி, பக்கத்தில் ஒரு கீறல் போட்டு விதையை அமுக்கி எடுத்து, ஒரு கொதி, பிறகு எட்டு நாள் பாகு. குத்தாமல் போட்டவை வெடித்தன அல்லது வெற்றுப் பையாகச் சூம்பின. குத்தியவை விளக்குபோல ஒளி ஊடுருவ நிற்கின்றன. கஸ்தூரியின் தோலே இனிப்பானது, புளிப்பு உள்ளே. வாயில் போட்டால் முதலில் சீனி, அப்புறம் வாசனை, கடைசியில் புளிப்பு வந்து தாடையைப் பிடிக்கும். இதுவரை நான் செய்ததில் இதுதான் உருப்படி. காயத்தான் மாட்டேன் என்கிறது.

20 ஏப்ரல்

பிற்பகல் தவறாமல் இடியும் மழையும். மின்விசிறிக்குக் கீழே காயவைத்தேன், அடுப்பின் மேல்தட்டில் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக கஞ்சில் என்ற என் பழைய காரை வெயிலில் நிறுத்தி, பின் இருக்கையில் தட்டுகளை அடுக்கி, சன்னல்களை ஒரு விரல் அளவு திறந்துவைத்தேன். காலை பத்து முதல் இரண்டு மணி வரை காருக்குள் அடுப்புதான். குரங்கு நுழையாது, எறும்பு டயரில் ஏறிவர நாளாகும். நான்கு மணி நேரத்தில் ஆரஞ்சுத் துண்டுகள் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்தன.

மாலை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். இரவு பத்து மணிக்கு மறுபடி பிசுபிசுப்பு. முழு எட்டு நாள் பாகு, வெயில், கார், எல்லாம் கொடுத்தும். மனைவி மறுநாள் கோவிலுக்கு அந்தக் காரில் போய்விட்டு வந்து, சேலை முழுவதும் ஆரஞ்சு வாசனை என்றாள். அது புகாரா பாராட்டா என்று கேட்கவில்லை.

27 ஏப்ரல்

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். கண்டுபிடித்தது நானல்ல, மனைவி.

"போன வருடம் மட்டும் எப்படி வந்தது?" என்று நான் நூறாவது முறையாகப் புலம்பியபோது, "போன வருடம் வீட்டில் எலுமிச்சை இல்லை. திருஷ்டிக்குக் கட்டியிருந்ததை அவிழ்த்துத் தரவா என்று நான் கேட்டேன், வேண்டாம் என்றீர்கள்" என்றாள்.

அதாவது நான் 13 பிப்ரவரி இரவு நெஞ்சை நிமிர்த்தி எழுதிய மூன்றாவது விதியை, வெற்றிபெற்ற அந்த ஒரே தடவை நானே கடைப்பிடிக்கவில்லை. இந்த வருடம் ஒவ்வொரு சட்டிக்கும் மூன்று பழம் பிழிந்திருக்கிறேன். கஸ்தூரிக்குப் பிழியவே வேண்டாம், அதன் வயிற்றிலேயே இருக்கிறது. போதாக்குறைக்குக் கஸ்தூரிப் பாகை வீணாக்கக்கூடாதென்று சிக்கனம் பார்த்து அடுத்த ஆரஞ்சுக்கும் அதையே ஊற்றினேன்.

புளிப்பும் சூடும் சேர்ந்தால் சீனி இரண்டாக உடைகிறது, குளுக்கோஸ் ஒன்று ஃபிரக்டோஸ் ஒன்று. பாகு உறையாமலிருப்பது அந்தக் கலப்பினால்தான், அந்த அளவில் விதி சரி. ஆனால் ஃபிரக்டோஸ் ஈரப் பிசாசு. காற்றின் ஈரப்பதம் 62 சதவீதம் இருந்தாலே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். சாதாரணச் சீனி 85 வரை தாக்குப்பிடிக்கும். எங்கள் வீட்டில் பகலில் 70, இரவில் 90. எட்டு நாள் தினமும் புளிப்போடு மறுபடி மறுபடி கொதிக்கவிட்டவன், எட்டு நாளும் ஈரப் பிசாசை வளர்த்திருக்கிறேன். ரப்பர் பாலில் ஆசிட்டை எத்தனை துளி விடவேண்டுமென்று இருபத்தாறு வருடம் அளந்தவனுக்கு இது வந்திருக்கக்கூடாது.

இது ஊகம்தான். சோதித்துவிட்டு எழுதுகிறேன்.

11 மே

சோதித்தாயிற்று. வருடம் முழுவதும் கிடைக்கிற தடித்தோல் ஆரஞ்சில் ஆறு வாங்கி, தோலை ஒன்றாக வேகவைத்து மூன்று சட்டியாகப் பிரித்தேன். ஒன்றில் எலுமிச்சை. ஒன்றில் ஒன்றுமில்லை. ஒன்றில் கேக் சாமான் கடையில் விற்கும் குளுக்கோஸ் பாகு, சீனியில் பத்தில் ஒரு பங்கு. எட்டு நாள் பாகு, இரண்டு நாள் கார்.

எலுமிச்சைச் சட்டி மூன்றாம் நாளே கோந்து. ஒன்றுமில்லாத சட்டியின் துண்டுகள் நன்றாகக் காய்ந்தன, ஆனால் கடைசி இரண்டு நாளில் பாகின் அடியில் சீனி கல்லாக உறைந்து தோலிலும் மணல்போல நறநறத்தது. குளுக்கோஸ் சட்டி உறையவும் இல்லை, ஒழுகவும் இல்லை. இந்தக் கடைப்பாகு முழுக் குளுக்கோஸ் அல்ல, மாவுச்சத்தின் நீளச் சங்கிலிகள் பாதி உடைபடாமல் அதில் இருக்கின்றன. சீனி கூடிப் படிகமாவதை அவை தடுக்கும், ஃபிரக்டோஸைப்போல ஈரத்துக்கு ஆலாய்ப் பறக்காது.

மூன்றாவது விதியை வாபஸ் வாங்குகிறேன். குளுவாங் தங்கை, நீங்கள் எவ்வளவு எலுமிச்சை பிழிந்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

12 மே

அவர் பதில் வந்தது: "பிழியவே இல்லை, ஐயா. எனக்குத் தோல் வேகவில்லை, ஒரே நாளில் இறக்கிவிட்டேன். உங்கள் குளம் வேறு, என் குளம் வேறு."

சரிதான்.

21 செப்டம்பர்

நாலு மாதமாக எழுதவில்லை. சீனியைப் பார்த்தாலே அலுப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சீனர்களின் நிலாப் பலகாரப் பெருநாள் போனது. தம்புன் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். சாலையோரக் கடைகளில் பம்பளிமாஸ் சிவப்பு வலைப்பையில் வரிசையாகத் தொங்குகிறது. சுண்ணாம்புக்கல் குன்றுகளின் அடிவாரத்தில் விளைவது, எங்களுக்கு அரைமணி நேரத் தூரம். பேரம் பேசி ஒன்று 12 வெள்ளிக்கு வாங்கினேன். பழத்தை உரித்துச் சுளையை வீட்டில் கொடுத்துவிட்டுப் பார்த்தால், தட்டில் நிற்கிறது இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைப் பஞ்சு. கை சும்மா இருக்குமா?

என் மூன்று கொதி விதி பம்பளிமாஸுக்காகவே பிறந்தது, தெரியாமல் ஆரஞ்சுக்கு எழுதிவிட்டேன். இதன் கசப்புக்கு நரிஞ்சின் என்று பெயர், தண்ணீரில் இறங்கக்கூடியது, வெள்ளைப் பஞ்சில் நிறைய இருக்கிறது. பச்சை மேல்தோலை மெல்லச் சீவி எறிந்துவிட்டேன், அதன் எண்ணெய் நாக்கைச் சுடும். பஞ்சை விரல் நீளத் துண்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் ஓர் இரவு. காலையில் ஒவ்வொரு துண்டையும் பாத்திரம் தேய்க்கிற பஞ்சைப் பிழிவதுபோல இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அமுக்கிப் பிழிந்தேன். மஞ்சளாகத் தண்ணீர் வருகிறது. விரலை நக்கிப் பார்த்தால் வேப்பெண்ணெய் தோற்கும். விட்டதும் துண்டு மூச்சு வாங்குவதுபோல உப்பி, புதுத் தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது. கொதி, பிழி, கொதி, பிழி, கொதி, பிழி. மூன்றாவதில் கசப்பு ஒரு நினைவாக மட்டும் நிற்கிறது.

ஈப்போவின் கன்டோனியச் சமையல்காரர்கள் இதே பஞ்சை இப்படியே கசப்பெடுத்து, இறால் முட்டைத் தூள் போட்டுக் குழம்பாக வேகவைப்பார்கள். அவர்களுக்கும் பிழிவதில்தான் சூட்சுமம்.

5 அக்டோபர்

பம்பளிமாஸ் எட்டு நாள் முடிந்தது. குளுக்கோஸ் போட்டேன், எலுமிச்சை பக்கம் திரும்பவில்லை. பஞ்சு பாகை முழுவதும் குடித்து, கடித்தால் ஜெல்லிக்கும் பூசணி மிட்டாய்க்கும் நடுவே நிற்கிறது. ஆரஞ்சைவிடத் தேவலை. மக்சிக் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு போனார்.

ஒரு பழத்துக்குச் சீனி ஒரு கிலோவுக்கு மேல் ஆனது. பஞ்சு குடிகாரன்.

19 அக்டோபர்

இப்போது தோல்வியை ஒப்புக்கொள்ளும் நேரம், முழுத் தோல்வி அல்ல.

பம்பளிமாஸ் துண்டுகளைச் சீனியில் புரட்டித் தட்டில் வைத்து ஒரு வாரம் கவனித்தேன். அடைமழை. ஈரமானி இரவில் 92. உள்ளே துண்டு சரியாகவே இருக்கிறது, மேலே புரட்டிய சீனி மட்டும் கரைந்து வடிகிறது. 85ஐத் தாண்டினால் வெறும் சீனியும் தாங்காது என்று ஏப்ரலில் நானே எழுதியிருக்கிறேன், என் எழுத்தையே நான் படிக்கவில்லை. குளுவாங் தங்கை பிப்ரவரியில் பார்த்தது பாதி உண்மை. தோலைச் சீனியில் ஊறவைப்பது நம் ஊரில் முடியும். மேலே சீனியைத் தூவி மினுமினுப்பாக அலமாரியில் வைப்பது மட்டும் குளிர் தேசத்துக்காரர்களின் சௌகரியம்.

இப்போது நான் செய்வது: துண்டுகளைக் காயவைப்பதே இல்லை. கொதிதண்ணீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் அதன் சொந்தப் பாகிலேயே மூழ்கவைத்து மூடிவிடுகிறேன். எழுபது பங்கு சீனியில் பூஞ்சை எளிதில் தலைகாட்டாது. ஈரக்கரண்டி போடக்கூடாது, அவ்வளவுதான். வேண்டும்போது வேண்டியதை மட்டும் எடுத்து, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி மேல்பாகைக் கழுவி, கம்பி வலையில் ஓர் இரவு விசிறிக்குக் கீழே.

புரட்டுவதற்கு என்ன? அம்மா சொன்னார், வறுத்த பொட்டுக்கடலையை மாவாக்கிச் சலித்துப் புரட்டச் சொல்லி. மாவு ஈரத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது, கையில் ஒட்டுவதில்லை, தீபாவளி உருண்டை வாசனையும் சேர்ந்துகொள்கிறது. மூன்று நாள் தாங்குகிறது. நாலாம் நாளுக்கு மிஞ்சினால் செய்தவர் கையில் குறை.

26 அக்டோபர்

குளுவாங் தங்கை: "நகம் இறங்கியது. எட்டு நாள். போத்தலில் இருக்கிறது. குளம் இல்லை. கேக்கில் போட எடுத்துவைத்தேன், கேக் செய்யும்வரை இருக்குமா என்பதுதான் சந்தேகம்."

மிஞ்சும் பாகைக் கொட்டாதீர்கள். ஐஸ் போட்டு, லீமாவ் கஸ்தூரி பிழிந்து குடிக்கலாம். அங்கே எலுமிச்சை எவ்வளவு வேண்டுமானாலும்.

2 நவம்பர்

வியாழக்கிழமை தீபாவளி. வந்தவர்களுக்கு வைத்த தட்டு காலி. போத்தலில் இருபத்தொரு துண்டு மிச்சமிருந்தது, எனக்கென்று மேல்தட்டில் வைத்திருந்தேன். இன்று காலை எண்ணினேன், பதினேழு. மூடி இறுக்கமாகவே இருக்கிறது, எறும்பு இல்லை. அம்மாவிடம் கேட்டேன். உப்புப் போட்ட நார்த்தங்காய்க்கு ஈடாகுமா இது என்று, உதட்டோரத்துப் பொட்டுக்கடலை மாவைத் துடைக்காமலே சொன்னார்.